முத்தையன்கட்டுக்குப் பைனாகுலரா, ஸ்பொட்டிங் ஸ்கோப்பா?

தம்பி, மற்ற ஆக்களுக்கும் விளங்கவேணும் என்பதற்காக உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் முத்தையன்கட்டுப் பக்கம் உங்களுக்கு வயலும் மேட்டுக்காணியும் இருக்கிறது. கச்சானுக்குப் பன்றி வருகிறது, நெல்லுக்கு யானை வருகிறது, அப்பாவும் நீங்களும் மாறி மாறிக் காவல் இருக்கிறீர்கள். மார்கழியில் கனடாவிலிருந்து வரும் அண்ணர் “பைனாகுலர் வேணுமா, ஸ்பொட்டிங் ஸ்கோப் வேணுமா, ஒன்றைச் சொல்” என்று கேட்டிருக்கிறார். வேட்டைக்காரர்கள் எழுதியதைத் தேடிப் படித்தால், ஸ்கோப் இல்லாமல் போகவே கூடாது என்று பாதிப்பேர் சொல்கிறார்கள். குளத்துக்கு வருகிற பறவைகளையும் வடிவாகப் பார்க்க உங்களுக்கு ஆசை.

8×42 பைனாகுலர் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். முக்காலியில் வைத்து ஒற்றைக்கண்ணால் பார்க்கிற ஸ்கோப் இப்போது வேண்டாம். ஏன் என்று கேட்பீர்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் படித்த ஆலோசனைகள் பிழையானவை அல்ல. அவை வேறு நிலத்துக்கு எழுதப்பட்டவை. உங்கள் அண்ணர் இருக்கிற நாட்டையே எடுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடபகுதி மலைகளில் காட்டுச் செம்மறிக் கிடாயைச் சுடுவதற்கு அனுமதிப்பத்திரம் எடுத்தாலும் கண்ட கிடாயையெல்லாம் சுடமுடியாது. கொம்பு முழுவளையமாகச் சுருண்டிருக்க வேண்டும், அல்லது கொம்பில் உள்ள வருட வளையங்களை எண்ணி அதற்குக் குறைந்தது 8 வயது என்று தெரியவேண்டும். அரை மைலுக்கு அப்பால் மறு சரிவில் படுத்திருக்கிற கிடாயின் கொம்பு நுனி எங்கே முடிகிறது என்று பார்க்க 10 மடங்குப் பைனாகுலர் காணாது. அங்கே சட்டப்படி நடக்கவே ஸ்கோப் தேவைப்படுகிறது. பிழையான மிருகத்தைச் சுட்டால் தண்டம். அதோடு, அந்த மலைகளில் மரம் குறைவு, குளிர்க் காற்று தெளிவு. ஒரு இடத்தில் மணிக்கணக்காக இருந்து எதிர்ச் சரிவைத் துருவித் துருவிப் பார்ப்பதுதான் அவர்களின் வேலையில் பாதி.

ஜேர்மனியில் பன்றிக்குப் போகிறவர்களின் பழக்கம் வேறு. அவர்கள் காட்டு ஓரத்தில் உயரமான பலகைப் பரணில் ஏறி இருந்து நிலவு வெளிச்சத்தில் பார்ப்பவர்கள். அவர்களிடம் ஸ்கோப்பைவிட 8×56 என்ற பெரிய வாய்க் கண்ணாடிதான் பேர்போனது. எங்கள் பரண் காவலுக்கு உண்மையில் கிட்டிய உறவு இந்த ஜேர்மன்காரர்தான், கனடா மலைக்காரர் அல்ல. இதைக் கவனித்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

இனி எங்கள் காடு. நெடுங்கேணிப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ காட்டுக்குள் இறங்கினால் எவ்வளவு தூரம் பார்வை போகும்? பாலை, முதிரை, வீரை நிற்கிற நல்ல காடென்றாலும் கீழே பற்றை. முப்பது நாற்பது மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பல இடத்தில் அதுவும் இல்லை. அங்கே ஸ்கோப்பைக் கொண்டுபோனால் இலையைத்தான் பெரிதாகப் பார்க்கலாம். எங்களுக்குத் தூரம் கிடைக்கிற இடங்கள் குளக்கட்டு, வயல்வெளி, களப்பு இந்த மூன்றும்தான். வயல்வெளியில் கட்டிலிருந்து காட்டோரம் வரைக்கும் பெரும்பாலும் இருநூறு முதல் ஐந்நூறு மீற்றர். அது பைனாகுலரின் எல்லைக்குள் வருகிற தூரம்.

இலக்கங்களைப் பார்ப்போம். 8×42 என்றால் எட்டு மடங்கு பெருப்பிக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீற்றர். எட்டு மடங்கு என்பதைத் தூரமாகக் கணக்கெடுங்கள்: 400 மீற்றரில் நிற்கிற பன்றி 50 மீற்றரில் வெறுங்கண்ணால் பார்க்கிற அளவுக்குத் தெரியும். ஐம்பது மீற்றரில் நிற்பது பன்றியா, அயல்வீட்டு மாடா, குனிந்து நிற்கிற மனிதரா என்று தெரியாமல் போகுமா? போகாது. காவலுக்கு இந்தக் கேள்விக்குத்தான் விடை வேணும்.

பெருப்பிக்கிற அளவைவிட முக்கியமானது ஒருதரம் பார்த்தால் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பது. எட்டு மடங்குப் பைனாகுலரில் 1000 மீற்றர் தூரத்தில் கிட்டத்தட்ட 110 முதல் 140 மீற்றர் அகலம் தெரியும். சாதாரண 20–60 மடங்கு ஸ்கோப்பில், ஆகக் குறைந்த இருபதில் வைத்தாலே அது 35, 40 மீற்றருக்கு இறங்கிவிடும். அறுபதுக்குத் திருப்பினால் இருபது மீற்றர்கூட வராது. காட்டோரத்தில் எங்கேயோ ஒரு அசைவு கண்டீர்கள், ஸ்கோப்பைத் திருப்புகிறீர்கள். எந்தப் பற்றை, எந்த மரம் என்று தேடி முடிக்கும் முன் அது உள்ளே போய்விடும். பார்வையை எடுக்காமலே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவந்தால் அந்த இடத்தில்தான் நிற்கும். இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் களைப்பும் குறைவு. ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு அரைமணித்தியாலம் ஸ்கோப்பில் பார்த்துப் பாருங்கள், பிறகு தலையிடிதான்.

அடுத்தது நேரம். இதைத்தான் கடைக்காரர் சொல்வதில்லை. பன்றி பகல் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. யானை வெயிலில் வயலுக்கு இறங்குவதில்லை. எங்களுக்கு வேலை மைமலிலும் விடியப்புறத்திலும். அந்த நேரத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைவிட எவ்வளவு வெளிச்சம் கண்ணுக்குள் வருகிறது என்பதுதான் கணக்கு. அதற்கு ஒரு சின்னப் பிரித்தல் போதும்: முன்கண்ணாடி விட்டத்தை மடங்கால் பிரியுங்கள். 42ஐ 8ஆல் பிரித்தால் 5.25 மில்லிமீற்றர். பின்பக்கத்தால் உங்கள் கண்மணிக்குள் வந்து விழுகிற ஒளிவட்டத்தின் அளவு அது. 10×42 என்றால் 4.2. சட்டைப்பைக்குள் போகிற 8×25 என்றால் 3க்குக் கொஞ்சம் மேல். 60 மில்லிமீற்றர் ஸ்கோப்பை இருபதில் வைத்தால் 3, அறுபதில் வைத்தால் வெறும் 1. அந்த ஒரு மில்லிமீற்றர் வெளிச்சத்தில் மைமலில் பார்த்தால் சாம்பல் நிறச் சேறுதான் தெரியும்.

அப்படியென்றால் 7 மில்லிமீற்றர் தருகிற ஜேர்மன்காரரின் 8×56 இன்னும் நல்லதல்லவா என்று கேட்கலாம். இளவயதில் இருட்டில் கண்மணி ஏழு மில்லிமீற்றர் வரை விரியும், உங்களுக்குப் பிரயோசனப்படும். ஐம்பது தாண்டிய ஆக்களுக்குப் பெரும்பாலும் ஐந்து அளவில் நின்றுவிடும். மிச்ச வெளிச்சம் கண்மணிக்கு வெளியே விழுந்து வீணாகும். உங்கள் அப்பாவுக்கு 8×42க்கும் 8×56க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, பாரம் மட்டும் தெரியும். 8×56 ஒரு கிலோவைத் தாண்டும். 8×42 அறுநூறு முதல் எண்ணூறு கிராம். சைக்கிளில் போகும்போதும் பரண் ஏணியில் ஏறும்போதும் கழுத்து அந்த வித்தியாசத்தைச் சொல்லும்.

மைமலில் 8×42 என்ன தரும் என்று ஒருக்கால் கிட்டவாகச் சொல்கிறேன். பொழுதுபட்டு இருபது நிமிடம். வெறுங்கண்ணுக்குக் காட்டோரம் ஒரே கறுப்பு வரி, கச்சான் தோட்டம் அதைவிடக் கொஞ்சம் வெளிறினது. பைனாகுலரை வைத்தால் கறுப்பு வரி பிரிந்து விடும். முன்னுக்கு நிற்கிற பற்றை, பின்னுக்கு இருக்கிற இடைவெளி, அந்த இடைவெளியில் இல்லாதிருந்த ஒரு கட்டி. கட்டி அசையாது. தாய்ப்பன்றி முதலில் தலையை மட்டும் நீட்டி மணம் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு இரண்டடி வெளியே வரும். குட்டிகள் அதன் வயிற்றுக்குக் கீழால் ஓடும்போதுதான் உங்களுக்கு எண்ணிக்கை தெரியும். தகரம் தட்டவோ ரோச்லைற் அடிக்கவோ அதுதான் நேரம், தோட்டத்துக்குள் இறங்கிக் கிண்டத் தொடங்கிய பிறகு அல்ல. முழு இருட்டில் பைனாகுலர் ஒன்றும் செய்யாது. “இரவிலும் தெரியும்” என்று பெட்டியில் போட்டு விற்கிற மலிவுக் கண்ணாடிகளை நம்பவேண்டாம். சிவப்பாக மினுங்குகிற முன்கண்ணாடியும் அந்தச் சாதிதான். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற பூச்சு அது. காவலுக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

8ஆ 10ஆ என்பது எப்போதும் வருகிற சண்டை. பத்து மடங்கில் படம் பெரிது, உண்மை. ஆனால் கைநடுக்கமும் பத்து மடங்கு. கட்டில் நடந்து வந்து மூச்சு வாங்கும்போது, மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்க்கும்போது, எட்டில் தெரிகிற விபரம் பத்தில் ஆடிக் கலைந்துவிடும். பரண் கம்பில் முழங்கை ஊன்றி மட்டுமே பார்ப்பேன் என்றால் 10×42 எடுக்கலாம், பிழையில்லை. பன்னிரண்டுக்கு மேல் போனால் முக்காலி வேண்டும், அதோடு பைனாகுலரின் சுகம் போய்விடும். கொழும்பில் நடைபாதையில் விற்கிற “50×50”, “60×60” என்பதெல்லாம் வெளியில் அச்சடித்த இலக்கம்தான், உள்ளே உள்ள கண்ணாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மடங்கை மாற்றுகிற சூம் பைனாகுலரும் வேண்டாம். இரண்டு குழாயையும் ஒரே அளவில் நகர்த்துகிற பொறிமுறை மலிவு விலையில் நேராக நிற்காது, சில மாதத்தில் இரண்டு படமாகத் தெரியத் தொடங்கும்.

யானைக்கு வருவோம். யானையைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி தேவையில்லை, ஆனால் எந்த யானை என்று அறியத் தேவை. சிறிய குளங்கள் வற்றுகிற ஆவணி, புரட்டாதியில் பெரிய குளங்களின் அலைகரைக்குப் பின்னேரம் யானை இறங்கும். குட்டிகளோடு கூட்டமாக வந்ததா, தனியனா என்பதைக் கட்டிலிருந்தே தெரிந்துகொண்டால் அன்றைய இரவுக் காவலை அதற்கேற்ப ஒழுங்குபடுத்தலாம். எங்கள் நாட்டு ஆண் யானைகளில் பெரும்பாலானவைக்குத் தந்தம் இல்லை. ஆகவே கொம்பைத் தேடி ஆணா பெண்ணா என்று முடிவெடுக்காதீர்கள். மண்டையின் புடைப்பையும் முதுகின் வளைவையும் உடலின் பருமனையும் பாருங்கள். கண்ணுக்கும் காதுக்கும் இடையில் கன்னத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல ஈரக்கோடு ஒழுகியிருந்தால் மதம் பிடித்த ஆண், அன்று அந்தப் பக்கமே போகவேண்டாம். ஐந்நூறு மீற்றரில் 8×42 இந்த ஈரக்கோட்டைக் காட்டும், வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழுந்தால். கிட்டப் போய்ப் பார்க்கத் தேவையில்லாமல் செய்வதுதான் கண்ணாடியின் பெரிய உபகாரம். காவலுக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

சரி, ஸ்கோப் எங்கேதான் உதவும்?

கொக்கிளாய்க் களப்பில். நந்திக்கடலில். சுண்டிக்குளத்தில். மேற்கே மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக் குளத்திலும் வங்காலையிலும். கொக்கிளாய் 1951இலிருந்து பறவைகள் சரணாலயம், சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது, வங்காலை 2010இல், ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச ரம்சார் சாசனத்தில் சேர்க்கப்பட்ட இடம். ஐப்பசியிலிருந்து சித்திரை வரைக்கும் வடக்கிலிருந்து வருகிற வாத்துகளும் உள்ளான்களும் இந்த இடங்களில் இறங்கும். அவை கரையிலிருந்து ஐந்நூறு, எண்ணூறு மீற்றர் தள்ளி ஆழமில்லாத நீரில் நிற்கும். கிட்டப்போகச் சேறு விடாது, போனாலும் பறந்துவிடும். அங்கே பைனாகுலரில் ஒரு சாம்பல் கூட்டம், அதற்குப் பின்னால் பூநாரைகளின் ரோசாக் கோடு. இருபது முப்பது மடங்கு ஸ்கோப்பை வைத்தால் அந்தக் கோட்டில் சாம்பல் நிறக் குஞ்சுப் பருவத்தவை எத்தனை, வளர்ந்தவை எத்தனை என்று பிரிக்கலாம்.

பவளக்காலி, பச்சைக்காலி என்ற இரண்டு உள்ளான்களும் இதற்கு நல்ல உதாரணம். இரண்டும் மேலே சாம்பல், கீழே வெள்ளை, நீண்ட சொண்டு. பெயரிலேயே விடை இருக்கிறது, காலைப் பார்த்தால் முடிந்தது. ஆனால் கால் தண்ணீருக்குள், தண்ணீர் பளபளக்கிறது, தூரம் அறுநூறு மீற்றர். ஸ்கோப் உள்ளவர் அது சேற்றில் ஏறும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்து நிறத்தைச் சொல்லிவிடுவார். பைனாகுலர் மட்டும் உள்ளவருக்கும் வழி உண்டு: பறக்கும்வரை பொறுங்கள். பவளக்காலி செட்டையை விரித்தால் பின்விளிம்பு முழுக்க அகலமான வெள்ளைப் பட்டை. பச்சைக்காலியின் செட்டையில் வெள்ளை இல்லை, முதுகில்தான் வாலிலிருந்து மேலே ஏறுகிற வெள்ளை ஆப்பு. இப்படிப் பறவையின் நடத்தையால் பிரிக்கப் பழகினால் ஸ்கோப் இல்லாத குறை பாதி தீர்ந்துவிடும். சொல்லப்போனால் ஸ்கோப்போடு தொடங்கியவர்களைவிடப் பைனாகுலரோடு தொடங்கியவர்கள்தான் நல்ல கண் உள்ளவர்களாக வருகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். தை மாதங்களில் சிலோன் பேர்ட் கிளப் ஒழுங்குபடுத்துகிற ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களோடு ஒருநாள் சேர்ந்து போய்ப் பாருங்கள். பைனாகுலரால் கூட்டத்தைப் பிடித்து, ஸ்கோப்பால் இனம் பிரித்து எண்ணுவதைக் கிட்ட இருந்து காணலாம். அவர்கள் ஸ்கோப்பில் பார்க்க விடுவார்கள். அதற்குப் பிறகும் ஆசை மிச்சமிருந்தால் வாங்கலாம்.

வாங்குகிற நாள் வந்தால் மூன்று விசயம். முக்காலி இல்லாத ஸ்கோப் விறகுக்கட்டை. அதுவும் கமராக் கடையில் கிடைக்கிற மெல்லிய அலுமினியக் கால் அல்ல, கொக்கிளாய்க் கரையில் அடிக்கிற வாடைக்காற்றுக்கு ஆடாத கனமான கால். ஸ்கோப் ஒன்றரைக் கிலோ, முக்காலி இரண்டு கிலோ என்று வைத்தாலே, அதைத் தூக்கிக்கொண்டு வரம்பில் நடப்பது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டாவது, கண் வைக்கிற இடம் நேராக உள்ளதும் உண்டு, நாற்பத்தைந்து பாகை மடிந்ததும் உண்டு. குட்டையான ஆளும் நெட்டையான ஆளும் மாறி மாறிப் பார்க்க மடிந்தது வசதி, முக்காலியைத் தாழ்வாக வைக்கலாம், காற்றுக்கும் ஆடாது. வாகன யன்னலிலிருந்தோ பரணிலிருந்து கீழ்நோக்கியோ பார்க்க நேரானது நல்லது. மூன்றாவது, 60 மடங்கு என்ற இலக்கத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை காலை ஒன்பது மணிக்குப் பிறகு எங்கள் குளத்து நீருக்கு மேலே கானல் எழும்பத் தொடங்கிவிடும். சூடான காற்று நெளிவதையும் ஸ்கோப் சேர்த்துப் பெருப்பிக்கும். எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியாக இருந்தாலும் முப்பதுக்கு மேல் திருப்பினால் கொக்கு கொடிபோல ஆடும். மழை பெய்து ஓய்ந்த முகில் மூடிய காலையில்தான் அந்த அறுபது உதவும்.

விலையைப் பற்றி. கனடாவில் 200 முதல் 400 டொலருக்குள் காலம் முழுக்கப் போதுமான 8×42 கிடைக்கும். நிகொன் மொனாக், வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் மாதிரியானவை இந்தத் தரத்தில் தெரிந்த பெயர்கள். அதே காசுக்கு ஸ்கோப் வாங்கினால் முக்காலியும் சேர்த்து இரண்டாந்தரம்தான் வரும். சுமாரான பைனாகுலரோடு சமாளிக்கலாம். சுமாரான ஸ்கோப் மங்கல் படத்தைப் பெரிதாக்கித் தரும், வேறொன்றும் தராது. கொஞ்சக் காசுதான் இருக்கிறதென்றால் முழுவதையும் பைனாகுலரில் போடுங்கள்.

அண்ணர் கடையில் நின்று பார்க்கவேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன், அவருக்கு அனுப்பிவிடுங்கள். பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே பின்கண்ணாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே தெரிகிற வெளிச்ச வட்டம் சுத்தமான வட்டமாக இருக்கவேணும். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம்போலச் சாம்பல் நிழல் விழுந்தால் உள்ளே இருக்கிற முப்பட்டைக் கண்ணாடி மலிவு வகை. நல்லதில் பிஏகே4 என்று எழுதியிருக்கும். கண்ணாடிப் பரப்பு எல்லாவற்றுக்கும் பலபடைப் பூச்சு என்று போட்டிருக்கவேணும். “பூச்சு உண்டு” என்று மட்டும் போட்டிருந்தால் ஒரே ஒரு பரப்புக்கு அடித்துவிட்டு எழுதியதாகவும் இருக்கும். பிறகு கடை வாசலுக்கு வந்து தூரத்து மின்கம்பியை வானத்துக்கு எதிரே பார்க்கட்டும். கம்பியின் ஓரத்தில் ஊதா விளிம்பு தடிப்பாக விழுந்தால் வேறொன்றைப் பார்க்கட்டும். ஒரு நிமிடம் தொடர்ந்து பார்த்துவிட்டு எடுத்தவுடன் கண் இழுபடுகிறதென்றால் இரண்டு குழாயும் ஒரே திசையில் இல்லை, அது எவ்வளவு மலிந்தாலும் வேண்டாம்.

அப்பா மூக்குக்கண்ணாடி போடுகிறவரா? அப்படியானால் பின்கண்ணாடியிலிருந்து கண் எவ்வளவு தூரம் வரைக்கும் தள்ளியிருந்தால் முழுப்படமும் தெரியுமோ அந்தக் கண் தூரம் 16 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. விபரச்சீட்டில் இருக்கும். குறைந்தால் சாவித் துவாரத்தால் பார்ப்பதுபோல நடுவில் மட்டும்தான் தெரியும். மூக்குக்கண்ணாடியோடு பார்க்கிறவர் றப்பர்க் கிண்ணத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும், போடாதவர் மேலே திருகிவிட வேண்டும். தண்ணீர் புகாதது, உள்ளே நைதரசன் நிரப்பியது என்பதும் கட்டாயம். கார்த்திகை மார்கழி ஈரத்தில் அடைப்பில்லாத கண்ணாடி உள்ளே புகார் பிடித்துவிடும், துடைக்கவும் முடியாது.

கையில் வந்தவுடன் செய்யவேண்டிய ஒரு வேலையைப் பெரும்பாலான ஆக்கள் செய்வதேயில்லை. வலது பக்கத்துக் கண்குழாயில் சின்ன வளையம் ஒன்று இருக்கும். முதலில் வலது முன்கண்ணாடியைக் கையால் மூடிவிட்டு, தூரத்தில் எழுத்துள்ள பலகை ஒன்றை இடது கண்ணால் பார்த்து நடுச்சில்லால் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, நடுச்சில்லைத் தொடாமல், அந்தச் சின்ன வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். எங்களில் கனபேருக்கு இரண்டு கண்ணும் ஒரே பவர் இல்லை. அதைச் சரிக்கட்டுவது இந்த வளையம்தான். வளையம் நிற்கிற இலக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பார்த்துவிட்டுத் தந்தால் உங்கள் இலக்கத்துக்குத் திரும்பத் திருப்பவேணும். “புதுசு, ஆனால் தெளிவில்லை” என்று வருகிற முறைப்பாடுகளில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

பராமரிப்புக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. வன்னிச் செம்மண் தூசு படிந்தால் சாறத்தின் தலைப்பால் துடைக்கவே கூடாது, பூச்சு கீறுப்படும். முதலில் ஊதித் தட்டி, பிறகு சுத்தமான மென்துணி. கொக்கிளாய், முல்லைத்தீவுக் கரைக்குப் போய்வந்தால் உப்புப் படிவை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். மாரியில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் உள்ளே பூஞ்சணம் வலைபோலப் படரும். சூரியனை இதனால் பார்க்கக்கூடாது என்று சின்னப்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

நீங்கள் “வேட்டைக்கும் உதவுமா” என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். மான், மரை, கரடி, சிறுத்தை, யானை எல்லாம் 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. இடியன் துவக்கோடு காட்டுக்குப் போய் மரை இறைச்சி கொண்டுவந்த காலத்துக் கதை எங்கள் ஊர்களில் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. இன்றைக்கு அதற்குக் கண்ணாடி தெரிந்து தர நான் ஆள் இல்லை. பன்றித் தொல்லை வேறு விசயம். என்ன செய்யலாம், எதற்கு அனுமதி வேணும் என்பதை வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் நேரே கேளுங்கள். கம்பியில் பட்டால் தானே வெடிக்கிற கட்டுத்துவக்கும், தீனுக்குள் மறைத்து வைக்கிற வாய்வெடியும் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். கட்டுத்துவக்கு பன்றியையும் விறகுக்குப் போன பெண்ணையும் பிரித்துப் பார்க்காது. வாய்வெடியைக் கடிக்கிற யானைக்குட்டி தீன் எடுக்கமுடியாமல் நாள்கணக்கில் கிடந்து சாகும்.

கடைசியாக இரண்டு இடக்கவனம். படைமுகாம், கடற்படை நிலையம் இருக்கிற திசைக்குக் கண்ணாடியைத் திருப்பாதீர்கள், பறவை அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்றாலும். முக்காலியில் நீளக் குழாய் ஒன்று நிற்பது தூரத்தில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும் என்று அவர் இடத்தில் நின்று யோசியுங்கள். கழுத்தில் தொங்குகிற பைனாகுலர் அவ்வளவு கேள்வியை எழுப்பாது, இதுவும் பைனாகுலர் பக்கம் போடவேண்டிய ஒரு புள்ளிதான். மற்றது, கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இன்னும் இருக்கின்றன. சிவப்புப் பலகை கண்டால் பறவைக்குப் பின்னாலோ பன்றியின் தடத்துக்குப் பின்னாலோ ஓரடிகூட வைக்கவேண்டாம். நின்ற இடத்தில் நின்று பாருங்கள்.

அண்ணருக்கு அனுப்பவேண்டிய செய்தியை இப்படி எழுதுங்கள்: 8×42, தண்ணீர் புகாதது, பிஏகே4, பலபடைப் பூச்சு, கண் தூரம் 16 மில்லிமீற்றர் அல்லது கூட, ஒரு கிலோவுக்குள். கழுத்துப் பட்டி அகலமானதாக இருந்தால் நல்லது. ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பெட்டிக்குள் விட்டு வரச்சொல்லுங்கள், பழுதென்றால் அவர் கையாலேயே அங்கே திருப்பிக் கொடுக்க வேண்டி வரும்.